ஓர் ஆளுக்கு அளந்த காற்று

காற்று விஷயத்தில் எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இன்றைக்கும் பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிப்பவர் என்னைக் கேட்காமல் நாற்பது பவுண்டு வைத்துவிட்டால், அவர் காதுபட முணுமுணுத்துக்கொண்டே குனிந்து உட்கார்ந்து, வால்வைக் குச்சியால் அழுத்தி, வேண்டாததை இறக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும். அடிக்கட்டும். இந்தக் கிறுக்கு எனக்குப் பிடித்தது 1991-இல், ஒரகடத்தில்.

அப்போது நான் கிண்டியில் டிராக்டர் டிரெய்லர் செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்தேன். முதலாளிக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. ஏதோ ஒரு அரசுத் துறையில், மழைக்காலத்தில் ஏரிக்கரை, சேறு, வரப்பு என்று போய்ப் பார்க்கிற அதிகாரிகளுக்கு ஜீப் கனமாக இருக்கிறது, புதைந்துவிடுகிறது, லேசான வண்டி இருந்தால் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். முதலாளி குழாய் வளைத்து ஒரு வண்டி கட்டினார். இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின், முன்னால் இரண்டு சீட், பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பலகை, மேலே கித்தான். மொத்தம் ஐந்நூறு கிலோவுக்குள். ஒரகடத்தைத் தாண்டி, கரை உடைந்து தண்ணீர் தங்காத ஒரு ஏரியை ஒட்டித் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஆடி மாசக் காற்றில் வண்டியையும் என்னையும் அங்கே இறக்கிவிட்டார்.

"என்ஜின் என் பொறுப்பு. எந்த டயர், எவ்வளவு காத்து, அது உன் பொறுப்பு. ஏரியில மாட்டாம போய்ட்டு வரணும், அவ்வளவுதான்" என்றார்.

ஆர்டர் வந்தால் எனக்கு வேலை நிரந்தரம், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வீடும் பார்த்துக் கொடுப்பதாகச் சொன்னார். எனக்கு வேண்டியது அந்த வீடுதான். என் மனைவி திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சித்திரையில் எங்களுக்குப் பிள்ளை பிறந்திருந்தான். பிறந்தபோது நான்கு நாள் லீவில் போய்ப் பார்த்ததோடு சரி. நிரந்தர வேலையும் தலைக்கு மேல் ஒரு கூரையும் இல்லாமல் மகளை அனுப்புவதாக இல்லை என்று மாமனார் சொல்லியிருந்தார். மனுஷர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஏரியில் வண்டி மாட்டாமல் போய்வந்தால் அவளும் பிள்ளையும் வருவார்கள், மாட்டினால் வரமாட்டார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக ஒரு விஷயம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

இன்று கார்த் தொழிற்சாலைகளாக இருக்கும் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்வது நம்பும்படி இருக்காது. அப்போது ஷிப்ட் பஸ்கள் கிடையாது, கேட் கிடையாது, காண்டீன் கிடையாது. வேலிக்காத்தான் புதர், ஏரி, வயல், நடுவில் என் தகரக் கொட்டகை. மாடு மேய்க்கிறவர்கள் தூரத்தில் போவார்கள். காலையில் எழுந்தது முதல் வாயைத் திறக்காமலேயே பொழுது போய்விடும். சாயங்காலம் ரோட்டுக்கு வந்து டீ கேட்கும்போது என் குரல் எனக்கே புதுசாக இருக்கும். கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் கேட்பேன்.

நான் பேசுகிற ஒரே ஆள் ஒரகடம் கூட்டு ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகவே இல்லை. மணல் லாரிக்கும் மாட்டுவண்டிக்கும் காற்றுப் பிடித்தே வளர்ந்த கை அவருடையது. அவரிடம் காற்றை அளக்கிற கேஜ் இருந்தது, ஆனால் ஆணியில் தொங்குவதற்குத்தான். ஒரு இரும்புத் தடியால் டயரைத் தட்டுவார். டங்கென்று சத்தம் வந்தால் திருப்தி. முதல் தடவை என் வண்டியைத் தட்டினார். தொப்பென்று சத்தம் வந்தது. தடியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னா சார் இது, காத்தே இல்ல. இப்டி ஓட்னா டயரு ரெண்டா பூடும்."

"பதினாறு பவுண்டு இருக்கு அண்ணே. இதுக்கு அது போதும்."

"பதினாறு சைக்கிளுக்குக் கூட பத்தாது சார். கல்லாட்டம் நிக்கணும். இரு, நான் வெக்கிறேன்."

நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நாற்பது வைத்துவிட்டார். அன்பு மிகுதியால் செய்ததுதான். கொட்டகைக்குத் திரும்பும் மண் ரோட்டில் வண்டி தவளை மாதிரி குதித்தது. என் பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. அன்றைக்கு நான் அவரை மனசுக்குள் திட்டியதை இங்கே எழுத முடியாது. மறுநாள் மறுபடியும் அங்கேதான் போனேன். வேறு யாரிடம் போய்ப் பேசுவது?

முதலாளி மூன்று செட் டயர் அனுப்பியிருந்தார். ஒன்று, தரையைக் கவ்வுவதற்குப் பெரிய பெரிய பட்டன் வைத்த டயர், பார்த்தாலே ஏரியைக் கடந்துவிடும் போல மிடுக்காக இருக்கும். இரண்டாவது, ராணுவ ஏலத்தில் எடுத்தது, சுவர் மாதிரி கெட்டியான பக்கங்கள். மூன்றாவது, சாதாரணக் கார் டயர், மெல்லிசு, பட்டனும் சுமார்தான். நானும் முதலில் மிடுக்கைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். பெரிய பட்டன் டயர் சேற்றில் இறங்கியதும் மண்வெட்டி மாதிரி தோண்டியது. தோண்டித் தோண்டித் தனக்கே ஒரு குழி வெட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தது. அன்று மாலை முழுக்க வேலிக்காத்தான் கிளைகளை வெட்டிச் சக்கரத்தடியில் போட்டு, ஒண்டியாளாக வெளியே எடுத்தேன். ராணுவ டயரோ, காற்றை எவ்வளவு இறக்கினாலும் மசியவில்லை. அதைச் செய்தவர்கள் மூன்று மடங்கு கனமான வண்டிக்குச் செய்திருந்தார்கள். என் வண்டியும் நானும் ஏறி நின்றது அதற்கு உறைக்கவே இல்லை.

கார் டயர்தான் காரியத்துக்கு ஆயிற்று. லேசான வண்டிக்கு மெல்லிய டயர் வேண்டும், காற்றை இறக்கினால் அது தரையில் பரந்து உட்கார வேண்டும். பரந்து உட்கார்ந்தால் புதையாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. டயரில் சுண்ணாம்பு தடவி, பழைய செய்தித்தாள் மேல் வண்டியை இறக்கி, பதிந்த தடத்தை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுவேன். இருபத்து நான்கு பவுண்டுக்கு உள்ளங்கை அளவு. பதினாறுக்கு ஒரு ஜாண். பன்னிரண்டுக்கு ஒரு தோசை. பன்னிரண்டில் ஏரிச்சேற்றின் மேல் வண்டி நழுவாமல், புதையாமல், சத்தமில்லாமல் போனது. நான் தனியாக இருந்து சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

காற்று அளவுக்கு மீறிக் குறைந்தால் ஓர் ஆபத்து உண்டு. டயர் ரிம்மைப் பிடிக்காது. ரிம் தனியாகத் திரும்பும், டயர் தங்கிவிடும், உள்ளே இருக்கிற ட்யூப் இரண்டுக்கும் நடுவில் முறுக்கிக்கொண்டு வால்வு பிய்ந்துவிடும். அதற்காக டயரிலும் ரிம்மிலும் சேர்ந்தாற்போல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தேன். கோடு விலகினால் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். பன்னிரண்டில் ஐம்பது தடவை போய்வந்தும் கோடு ஒரு மயிரிழை விலகவில்லை. நோட்டில் பன்னிரண்டைச் சுற்றி வட்டம் போட்டேன்.

இதையெல்லாம் மனைவிக்கு எழுதினேன். இன்லண்ட் லெட்டரில் மூன்று மடிப்பும் நிரம்ப எழுதுவேன். ஒரு தடவை டயர்த் தடம் பதிந்த செய்தித்தாளையே மடித்துக் கவரில் போட்டு அனுப்பினேன். பதிலுக்கு அவள் பள்ளிக்கூடத்து ஸ்டாம்ப் பேடில் பிள்ளையின் காலை அழுத்தி, ஒரு வெள்ளைத்தாளில் பதித்து அனுப்பினாள். வேறு ஒரு வரி இல்லை. நான் அந்தக் காலை ஸ்கேலால் அளந்தேன். பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டயர் நோட்டிலேயே அதையும் குறித்துக்கொண்டேன். அளப்பதைத் தவிர அதை வேறு என்ன செய்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

கார்த்திகைக் கடைசியில், மழை நின்று ஒரு வாரம் கழித்து, அதிகாரிகள் வந்தார்கள். மூன்று பேர், கூட முதலாளி. நான் விடியலிலேயே எழுந்து வண்டியைக் கழுவி, நாலு டயரையும் கேஜ் வைத்துப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்து, சாக்பீஸ் கோட்டைப் புதுசாகப் போட்டிருந்தேன். என் மனசில் இருந்த காட்சி இதுதான்: அவர்கள் கரையில் கைகட்டி நிற்பார்கள், நான் ஏரிக்குள் ஒரு சுற்றுப் போய்வருவேன், அவர்கள் தலையாட்டுவார்கள்.

நம் ஊரில் புது வண்டி ஒன்று வந்து நின்றால் யாரும் கரையில் நிற்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியாமல் போனது எப்படி என்று இன்றும் புரியவில்லை. பெரிய அதிகாரி நேராக வந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். மற்ற இருவரும் பின்பலகையில் ஏறினார்கள். "நீங்களும் வாங்க" என்று முதலாளியையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஐந்து மாதமாக அந்தப் பின்பலகைகளில் என் வேட்டியும் துண்டும்தான் காய்ந்துகொண்டிருந்தன. ஆள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

வண்டி முனகிக்கொண்டு தணிந்தது. எட்டிப் பார்த்தேன். பின் டயர்கள் இரண்டும் கையால் அழுத்திய சப்பாத்தி மாவு போலப் பக்கவாட்டில் பிதுங்கி நின்றன. பன்னிரண்டு போதாது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. நிச்சயமாகத் தெரிந்தது. கால்பம்பு சீட்டுக்கு அடியில் இருந்தது. "சார், ரெண்டு நிமிஷம் இறங்குங்க, காத்து வெச்சுக்கறேன்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாமல் போன வாய், அதை விழுங்கிவிட்டது. கிளட்சை விட்டேன்.

முதலில் நன்றாகத்தான் போனது. "பரவாயில்லையே" என்றார் பெரிய அதிகாரி. ஏரியின் நடுவில் திரும்பி, மதகுப் பக்கம் மேடு ஏறும்போது பின்னால் உஸ்ஸென்று ஒரு சத்தம். இடது பின்சக்கரத்தில் வால்வு பிய்ந்துவிட்டது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து மெதுவாகச் சேற்றில் உட்கார்ந்தது. நான்கு பேரும் இறங்கினார்கள். பெரிய அதிகாரியின் ஒரு ஷூ சேற்றிலேயே நின்றுவிட்டது, அதை நான்தான் பிடுங்கிக் கொடுத்தேன். யாரும் கோபப்படவில்லை. பேன்ட்டை மடித்துக்கொண்டு கரைக்கு நடந்தார்கள். போகும்போது, "நல்ல முயற்சி, எழுதறோம்" என்றார்கள். அந்த மரியாதையிலேயே ஆர்டர் போய்விட்டது எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர்கள் போனபிறகு முதலாளி கேட்டார். "ஆள் ஏறினதும் டயர் அமுங்கினது உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது சார்."

"பின்ன ஏன்யா சொல்லலை?"

நான் கையிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "நாலு பேரை ஏத்தி ஒரு தடவை கூடவா ஓட்டிப் பாக்கலை?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். நாலு பேருக்கு நான் எங்கே போவது என்று சொல்லியிருக்கலாம். அது பொய். பஞ்சர் கடையில் கேட்டிருந்தால் சந்தோஷமாக வந்து ஏறியிருப்பார்கள். எனக்குத் தோன்றவே இல்லை. பொங்கலோடு கொட்டகையைக் காலி செய்துவிட்டுக் கிண்டிக்கு வந்து டிரெய்லர் வெல்டிங்கைப் பார் என்று சொல்லிவிட்டு முதலாளி போனார். நிரந்தரம் பற்றியோ வீடு பற்றியோ பேச்சே இல்லை.

பிய்ந்த ட்யூபை எடுத்துக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தினி பேரு குந்திகினு போனா பன்னெண்டு எப்டி சார் தாங்கும்? நீ ஒண்டியாவே ஓட்டிக்கினு கீற, வண்டிக்கு இன்னா தெரியும்" என்றார். ஐந்து மாதத்தில் காற்று விஷயத்தில் அவர் சொன்னதில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

அன்றைக்கு மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இரண்டே வரி. ஆர்டர் கிடைக்கவில்லை. தப்பு என்னுடையது.

பதில் வரவில்லை. அவளே வந்துவிட்டாள். அரையாண்டு லீவு விட்டதும் மெட்ராஸுக்கு வந்த ஊர்க்காரக் குடும்பம் ஒன்றோடு ரயிலேறி, செங்கல்பட்டில் இறங்கி, சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வருவதாகத் தந்தி கொடுத்திருந்தாள். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டேஷன் வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளை என்னைப் பார்த்ததும் அவள் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? சீட்டுக்கு அடியிலிருந்து பம்பை எடுத்து, தனியாளுக்கு வைத்து வந்த பதினாறு போதாது என்று பின் டயர்களுக்குக் காற்று அடித்தேன். அவளுக்கும் அவள் துணிப்பைக்கும் மூன்று பவுண்டு. பிள்ளை ஏழு கிலோ இருப்பான், அது டயருக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் அவனுக்கென்று ஒரு பவுண்டு கூட வைத்தேன். இருபது. அவள் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டு நாள் இருந்தாள். கொட்டகையைப் பெருக்கினாள், ஏரியைப் பார்த்தாள், பின்பலகையில் பிள்ளையின் துணியைக் காயப்போட்டாள். நோட்டைப் புரட்டிப் பிள்ளையின் கால் அளவைக் கண்டதும் அந்த வரியில் விரலை வைத்துத் தடவினாள். புறப்படுகிற அன்று காலை, நான் வண்டிக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"எத்தன கடுதாசி போட்டிய, தெரியுமா?"

"எண்ணலையே."

"பத்தொம்பது. எல்லாத்துலயும் டயரு, காத்து, சேறு. தேடுதுன்னு ஒண்ணுலயாவது எழுதுனியளா?"

எங்கள் பக்கம், ஒருவர் இல்லாமல் மனசு கிடந்து தவிப்பதைத் தேடுது என்றுதான் சொல்வோம். நான் கேஜிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வீடு இல்லாம எப்படிக் கூப்பிட?"

"கூப்பிடச் சொல்லல. தேடுச்சான்னுதான் கேக்கேன்."

"நேரமாச்சு, ஏறு" என்றேன். ஏறினாள். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளை மட்டும் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். இரண்டு நாளில் அழுகையை விட்டிருந்தான். டயர்கள் சரியாக இருந்தன, வண்டி மெத்தென்று போனது. அந்த ரோட்டில் நான் ஓட்டியதிலேயே நல்ல ஓட்டம் அதுதான்.

பிளாட்பாரத்தில் செங்கல்பட்டு வண்டிக்காக நின்றோம். தூரத்தில் சிக்னல் விழுந்தது. இன்னும் இரண்டு நிமிஷம்தான். அன்று ஏரிக்கரையில் போலவே வார்த்தை வாய் வரைக்கும் வந்து நின்றது. இந்தத் தடவையும் விழுங்கிவிடுவேன் என்று பயமாக இருந்தது. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"தேடுது. ரொம்பத் தேடுது. ரெண்டு பேரையும்."

அவள் பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "இத எழுதிருந்தியன்னா வீடு இல்லன்னாலும் வந்துருப்பேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனி பள்ளிக்கூடத்துல முழுப்பரீட்ச முடியணும்."

வண்டி வந்தது, ஏறினாள், போய்விட்டது. அவள் பிள்ளையோடு என்னிடம் வந்துசேர அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று. ஊர் வேறு, வேலையும் வேறு. அதற்குள் பிள்ளை நடக்க ஆரம்பித்திருந்தான், நான் அதைப் பார்க்கவில்லை.

ஸ்டேஷன் வாசலுக்கு வந்தேன். தனியாளாகத் திரும்ப வேண்டும், பின் டயரில் நாலு பவுண்டு அதிகம். வழக்கம்போலக் குனிந்து உட்கார்ந்து வால்வு மூடியைத் திருகி எடுத்தேன். குச்சியை வைத்தேன். கை அழுத்த மறுத்தது. மூடியைத் திரும்பப் போட்டு இறுக்கிவிட்டு வண்டியில் ஏறினேன். ஒரகடம் வரைக்கும் ஒவ்வொரு கல்லிலும் அது என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது.